குளிர விட்ட அருங்காட்சியகம்

எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் கட்டடங்களுக்கு ஹீட்டிங்கும் ஏசியும் வடிவமைக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்தேன். எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. ஒரு ஜனவரியில் என்னைப் பழைய செங்கல் வீடு ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஊரின் பெரிய குடும்பம் ஒன்று தலைமுறைகளாக வாழ்ந்த வீடு. அதை அருங்காட்சியகமாக்கி, அவர்களுடைய மர அலமாரிகளையும் எண்ணெய் ஓவியங்களையும் கையால் தைத்த போர்வைகளையும் உள்ளே வைத்திருந்தார்கள்.

குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டால் காற்று உலர்ந்துபோய் மரம் வெடித்தது. அதற்காக, காற்றில் ஈரம் சேர்க்கும் மெஷின் ஒன்றை முன்பே வைத்திருந்தார்கள். அது போதவில்லை, இன்னும் பெரிதாக வேண்டும் என்றது நிர்வாகக் குழு.

கதவைத் திறந்த பெண், வெளியே போய்விட்டு அப்போதுதான் வந்தவர்போல், கம்பளிக் கோட்டும் கழுத்தில் மப்ளருமாக இருந்தார். பொருட்களைப் பழுதாகாமல் காப்பது அவருடைய பொறுப்பு. என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நீங்கள் தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வேதியியல் படித்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். பத்து நிமிஷத்தில் அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார். நான் அவருக்கு 'நீங்கள்' போய் 'நீர்' ஆகிவிட்டேன்.

"மெஷினைப் பாக்க முதல் இஞ்ச வாரும். இந்த ஜன்னலைத் தொட்டுப் பாரும்."

கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே சட்டம் ஊறி, சுவரில் பூச்சு உப்பியிருந்தது. வெளியே கூட்டிப்போய்ச் செங்கல் சுவரைக் காட்டினார். சில கற்களின் முகம் பொரிந்து உதிர்ந்திருந்தது.

"நாங்கள் உள்ளுக்கு விடுற ஈரம் சுவருக்குள்ள போய் உறையுது. அலமாரியைக் காப்பாத்தப் போய் வீட்டை உடைக்கிறம். பெரிய மெஷின் வந்தால் இன்னும் கெதியா உடையும்."

"வேற என்ன பண்றது அக்கா? ஈரம் இல்லாட்டி மரம் வெடிக்குமே."

"ஏன் இவ்வளவு சூடு போடுறம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அலமாரிக்குக் குளிருமோ?"

அன்று மாலை அலுவலகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே இருக்கிற குளிர்ந்த காற்றை நாம் சுடவைக்கச் சுடவைக்கத்தான் அது உலர்கிறது. சூட்டைக் குறைத்தால் உலர்வதும் குறையும், ஈரம் சேர்க்கவே தேவையில்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. பெரிய மெஷினுக்குப் பதிலாக ஹீட்டருடன் ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்றை இணைத்தால் போதும். காற்றில் ஈரம் ஏறும்போது மட்டும் ஹீட்டர் கொஞ்சம் ஓடும். உலரத் தொடங்கினால் நின்றுவிடும். குழாயில் தண்ணீர் உறையாதபடி ஒரு கீழெல்லை வைத்தேன். என் முதலாளியிடம் காட்டியபோது சிரித்தார். "மெஷின் விற்க அனுப்பினால் மெஷினைக் கழற்றப் போகிறேன் என்கிறாய்" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

குழுவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. தலைவர் அந்தக் குடும்பத்தின் வாரிசு, ஓய்வுபெற்ற வக்கீல். "காசு கொடுத்து வருபவர்களை நடுங்க வைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

அக்கா நிதானமாக ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "வருகிற எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். வாசலிலேயே அதை வாங்கி மாட்டிவைப்பது நாம்தான். மாட்டிவைப்பதை நிறுத்திவிடலாம். வேலை செய்பவர்களுக்குப் பின்கட்டுச் சமையலறையைக் கதவடைத்துச் சூடாக வைத்துக்கொள்ளலாம்."

கடைசியில் ஒரே ஒரு குளிர்காலம் பரிசோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த குளிர்காலம் சுலபமாக இல்லை. வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டும் தன்னார்வலர்கள் கை விறைக்கிறது என்று முணுமுணுத்தார்கள். பிப்ரவரியில் திடீரென்று குளிர் தளர்ந்து, விடாமல் மழை பெய்தது. காலையில் அக்கா எனக்கு ஃபோன் பண்ணினார்.

"ஈரம் ஏறுது. உம்மட கருவி வேலை செய்யுதோ எண்டு இண்டைக்குத் தெரியும். வாருமன்."

லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கீழே ஹீட்டர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் ஈரம் காட்டும் முள் மெல்ல இறங்கியது. அக்கா கோட்டோடு தரையில் உட்கார்ந்து, ஒரு அலமாரிக் கதவில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தலைவர் வந்தார். தன்னார்வலர்களின் புகாரைக் கேட்டு, ஹீட்டரைக் கூட்டச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா எழுந்திருக்காமலே, "கொஞ்சம் குனிந்து பாருங்கள்" என்று டார்ச்சை அவரிடம் நீட்டினார்.

கதவின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய மரத்தகடு ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து வந்தது. அக்கா வருஷா வருஷம் அதைப் படம் எடுத்து வைத்திருந்தார். படங்களை வரிசையாகத் தரையில் பரப்பினார். போன வருஷப் படத்துக்கும் கண்ணெதிரே இருந்த கதவுக்கும் வித்தியாசமே இல்லை. பெயர்வது நின்றுவிட்டிருந்தது.

தலைவர் முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலருகே போய்க் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தார். விரல் நனையவில்லை. "என் அம்மா இந்த வீட்டில் குளிர்காலம் முழுவதும் ஸ்வெட்டரோடுதான் இருப்பார்" என்றார். ஹீட்டர் பற்றி எதுவும் சொல்லாமல், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் எங்களைப் பேசவே விடவில்லை, எல்லாவற்றையும் அவரே விளக்கினார். பழைய ஈர மெஷினைக் கழற்ற உத்தரவானது. கோடைக்கு என்ன செய்வது என்றும் அவரே கேட்டார். அந்த வீட்டைக் கட்டியவர்கள் அதற்கும் யோசித்திருந்தார்கள். தடித்த சுவர்கள், ஜன்னல்களின் வெளிப்பக்கம் வெயிலை மறைக்க மூடும் மரக்கதவுகள், மாடியில் காற்றுப் போக வழி. பல வருஷமாக ஆணியடித்து மூடிக்கிடந்த அந்த ஜன்னல் கதவுகளை மறுபடி இயங்க வைத்ததுதான் எங்கள் அடுத்த வேலை.

நல்ல யோசனைகளை அதற்குப் பிறகும் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் தன் யோசனையை இவ்வளவு பொறுமையாக, யாரையும் தோற்கடிக்காமல் நடத்திக் காட்டியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த மே மாதம், முதல் மரக்கதவு கிறீச்சிட்டுத் திறந்து வெளிச்சம் உள்ளே பாய்ந்தபோது, "ஐயோ, போர்வையில வெயில் படுது" என்று அக்கா ஓடிப்போய் அதைப் பாதி மூடினார்.