ஃபிளாஷ் போடாமல் எடுத்த படம்

பொன்னேரியில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். அக்காவைப் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா மீன் பிடிப்பவர். ஆறு வருடம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

பன்னிரண்டாம் நாள் கேமராவோடு போனேன். படகைவிட்டு இறங்கும்போதே மழைக்காற்று. ஊரில் கரண்ட் இல்லை. குழந்தைக்குக் காற்று ஆகாதென்று ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. கதவோரமாக விழுந்த கொஞ்ச வெளிச்சத்தில் அக்கா குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் ஃபிளாஷை மாட்டினேன்.

“அத போடாதடா. இப்பதான் கண்ண மூடிச்சு” என்றாள்.

கழற்றி வைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற, கிடைக்கிற வெளிச்சத்தையே கேமரா பெருக்கிக் காட்டும். ஆனால் படம் முழுக்க மணல் தூவியதுபோலப் புள்ளி விழும். 3200 போதவில்லை. 12800 வரை போய் நான்கு படம் எடுத்தேன். குழந்தை அசைந்ததில் மூன்று கலங்கிவிட்டன. ஒன்றுதான் தேறியது.

திரையில் பார்த்த மாமா, “நல்லாத்தான கீது மச்சான்” என்றார். எனக்குத் திருப்தியில்லை. பெயர் வைப்பதற்குள் இன்னொரு நாள் வந்து சரியாக எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது முகூர்த்த மாதம். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அப்படித் தள்ளிப்போன ஒரு ஞாயிறு காலை, பொன்னேரியிலேயே ஒரு கல்யாணம். போனைச் சத்தமில்லாமல் பையில் போட்டிருந்தேன். பந்தியில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், மாமாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். விடிந்ததிலிருந்து குழந்தை மூச்சு விடத் திணறியிருக்கிறது. படகில் கரைக்கு வந்து, ஆட்டோ பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மண்டபத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான். நான் ஓடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. துண்டில் சுற்றிய குழந்தையோடு அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் சட்டையில் பன்னீர் வாசம் அடித்தது.

“சாப்டியாடா?” என்று கேட்டாள். 

ஒரு மாதம் கழித்துப் படத்தைக் கேட்டாள். குழந்தை இருந்த நாட்களில் அக்காவின் போன் உடைந்து கிடந்தது, மாமாவிடம் இருந்தது பட்டன் போன். அந்தக் குழந்தைக்கு என்னிடம் இருந்ததைத் தவிர வேறு படமில்லை. கம்ப்யூட்டரில் அரைநாள் உட்கார்ந்து புள்ளிகளையெல்லாம் எடுத்தேன். முகம் பால்போல வந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொண்டுபோனேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

“இது யாரு கொழந்தடா?”

எனக்குப் புரியவில்லை.

“நெத்தியில பூனமுடி இருக்கும். உதிரணும்னு தெனம் எண்ண தடவி தேச்சிக்கினே இருந்தேன். அத காணோமே.”

புள்ளியோடு புள்ளியாக அந்த முடியையும் மென்பொருள் அழித்திருந்தது. தினமும் எத்தனை மணப்பெண்களின் முகத்தை அப்படித் துடைத்திருக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. தலை குனிந்து ஃபிரேமைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கைவைக்காத படத்தைச் சின்னதாகப் போட்டு எடுத்துப் போனேன். மணல் மணலாகத்தான் இருந்தது. அக்கா நெற்றியை விரலால் தடவிப் பார்த்தாள். “இதான்” என்றாள். அவள் அழவில்லை. என்னால்தான் அழுகையை அடக்க முடியவில்லை. மாமா படத்தின் பக்கமே திரும்பாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர்தான் என்னைப் படகில் கரைக்குக் கொண்டுவந்து விட்டார்.  நான் இறங்கியதும், அந்தப் படம் இன்னும் மெஷினில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“எனக்கும் ஒண்ணு குடு மச்சான். உங்க அக்காவாண்ட சொல்லாத.”

மறுவாரம் சட்டைப் பையில் அடங்குகிற அளவில் ஒன்று போட்டு, ஈரம் படாமல் லேமினேஷன் செய்து கொடுத்தேன்.