வாய் பூட்டினால் வாசல் திறக்கும்

சுட்டுக் கிடக்கும் தார்ச்சாலையில் மஞ்சள்தண்ணீர் விழுந்ததும் எழுகிற வாசனை மூக்கில் ஏறினால், வாயில் வெள்ளி வேல் குத்தி நின்ற அப்பாதான் இன்றும் என் கண்முன் வருகிறார்.

அப்பா திருநெல்வேலியில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். ஏலம் கூவிப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்தாலும் இறங்காது, மனதில் கள்ளமும் கிடையாது, நாக்கில் தடுப்பும் கிடையாது. அவர் தங்கை, என் அத்தை, எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி. அத்தையைப் பெண்பார்க்க வந்தவர்களிடம், "மாப்பிள்ளை வேலைக்குப் போறாரா, இல்ல ஒங்க வேட்டியப் பிடிச்சுக்கிட்டே நிக்காரா?" என்று அப்பா விளையாட்டாகக் கேட்க, காப்பி ஆறுமுன் அவர்கள் எழுந்துவிட்டார்கள். அடுத்து வந்த இடமும் அப்படியே முறிந்தது. அத்தைக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள் அத்தை பைய வந்து, "அண்ணே, முருகனுக்கு நேந்திருக்கேன், இந்த மாசிக்கு ஒங்களுக்கு 'வாய்ப்பூட்டு'" என்றாள். யார் நேர்ந்தாலும் கடன் கடன்தான். சாமி காரியத்தில் எதிர்ப்பேச்சு ஏது? வேல் உதடுகளைப் பூட்ட, திருச்செந்தூர்ச் சாலையில் நடந்தார் அப்பா, கூடவே அத்தையும். வழியில் ஆறுமுகநேரியில் ஒரு பெரியவர் அவர் காலில் மஞ்சள்தண்ணீர் ஊற்றினார். தரகர் அத்தைக்குச் சொல்லியிருந்த இன்னோர் இடம் அவர் வீடுதான். அத்தையை ஏறிட்டுப் பார்த்து அடையாளம் கண்டவர், அங்கேயே சம்பந்தம் பேசிவிட்டார். அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, விழி பிதுங்கியது, ஆனால் தலையாட்ட மட்டுமே முடிந்தது. "இப்படி அடக்கமான மனுசன் வீட்டுப் பொண்ணத்தான் தேடுனேன்" என்று பெரியவர் உருகிப்போனார்.

கல்யாணம் நடந்தது. 'வாய் பூட்டுனா வாசல் தொறக்கும்' என்று மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அப்பாவைக் கேலி செய்தார்கள். பிறகு அது ஏலத்தில் விலை கேட்காமல் காத்திருக்கும் வியாபாரிக்கும், புகுந்த வீடு போகும் பெண்ணுக்கும், வாத்தியாரிடம் மாட்டிய பையனுக்கும் சொல்லப்பட்டு, தெருத்தெருவாகப் பரவியது.

போன வாரம் கங்கைகொண்டான் பேருந்தில் அத்தையோடு போனேன். முன் இருக்கையில் கம்பெனிக்குப் போகும் இளைஞன் ஒருவன் நண்பனைத் தேற்றிக்கொண்டிருந்தான்: "மேனேஜர்ட்ட வாயக் குடுக்காதலே. வாய் பூட்டுனா வாசல் தொறக்கும்னு சித்தர் சும்மாவா சொன்னாரு?"

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் கையை அழுத்தி, காதோரம் மெல்லச் சொன்னாள்:

"வருசாவருசம் எங்க மாமனாரு அங்கனதான் தண்ணி ஊத்துவாவன்னு, நான் நேருறதுக்கு முன்னாடியே தரகர் சொல்லியிருந்தாரு."

இத்தனை வருடம் இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா இல்லை, மண்டி இல்லை, அந்தக் கேலியைக் கிளப்பியவர்களும் இல்லை. சித்தர் மட்டும் என் பக்கத்தில், ஜன்னலோரமாக, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.