விதி பதினான்கும் ரங்கநாயகியின் சொந்தக்காரர்களும்

1996ஆம் வருஷம் ஜனவரியில் தொடங்கி ஜூன் முடிவதற்குள் ரங்கநாயகி அம்மாள் வீட்டுக்கு அறுபத்திரண்டு சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். வாட்ச்மேன் கருப்புசாமியின் நோட்டு அப்படித்தான் சொல்கிறது. அத்தனை பேருக்கும் கண்ணில் புரை. புதிதாக யாராவது அந்த நோட்டைப் படித்தால், ஒரே குடும்பத்துக்கு இப்படியொரு சாபமா என்று கண் கலங்கிப் போவார்கள். சாபமும் கிடையாது, சொந்தமும் கிடையாது. எல்லோரும் நாள் வாடகைக்குத் தங்க வந்தவர்கள்.

பீளமேட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்தது கோகுலம் அபார்ட்மெண்ட்ஸ். பதினாறு வீடு, ஒரு லிஃப்ட், ஒரு சங்கம். லிஃப்ட் வாரத்தில் நான்கு நாள் வேலை செய்யும். சங்கம் ஏழு நாளும் வேலை செய்யும்.

ரங்கநாயகியின் புருஷன் கோவிந்தராஜுலு, ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். மில்லை மூடியபோது கையில் வந்ததை எல்லாம் கொட்டி, முதல் மாடியில் இந்த இரண்டு பெட்ரூம் வீட்டை வாங்கினார். வாங்கி எட்டு மாதம்கூட அனுபவிக்காமல் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பெங்களூரில் இருந்த மகன், காரியம் முடிந்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மூன்று மாதம் இருந்து பார்த்தாள். அவள் ஐந்தரைக்கே எழுந்து பழகியவள். மருமகளோ எட்டு மணிக்கு எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைக்கிறவள். அதுவரை மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தானே காபி போடப் போனால், “அத்தை, உங்களுக்கு எதுக்கு சிரமம்?” என்று சிரித்த முகத்தோடு பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கிவிடுவாள். சண்டைக்கு வந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம். மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது? நாலாவது மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் ரயிலில் ஏறிவிட்டாள்.

முதல் விருந்தாளிகள் தாமாக வரவில்லை, இவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். காய் வாங்கித் திரும்பும்போது, ஆஸ்பத்திரி கேட்டருகே பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கண்ணில் பச்சைத் துணிக்கட்டோடு குத்தவைத்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம், கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு நின்றுகொண்டிருந்தது. லாட்ஜில் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஹோட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். “ஏனுங்கம்மணி, இங்க எங்காச்சும் சமைக்க எடங் கெடைக்குங்களா?” என்று கேட்டது அந்த அம்மாள். ரங்கநாயகி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஐந்து நாள் இருந்தார்கள். கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பணத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, “அடுத்த வாரம் எங்கண்ணன் வாராருங்க, அவருக்கும் கண்ணுதானுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவ்வளவுதான். அண்ணன் வந்தார், அண்ணனின் கொப்பரை வியாபாரக் கூட்டாளி வந்தார், அவர் சொல்லி மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் வந்தார். ஒரு அறை, நாள் வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு. பணத்துக்காக மட்டும்தான் என்று அவள் சொன்னால் அது பொய். அலாரம் வைத்து நாலு வேளையும் அவளே கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவாள். எழுபது வயதுக் கிழவர்களை, “கண்ணைத் தேய்ச்சீங்கன்னா கையைக் கட்டிப் போட்டுருவேன்” என்று அதட்டுவாள். அவர்களும் பயந்துகொண்டு அரிசிம்பருப்பு சோற்றில் நெய் ஊற்றிச் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அளவுக்கு யாரும் அவள் பேச்சைக் கேட்டதில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அது பொறுக்குமா சங்கத்துக்கு? சங்கத்தின் செயலாளர் லட்சுமிநாராயணன், இரண்டாவது மாடி. மில்லில் டைம் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். முப்பது வருஷம் மற்றவர்கள் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று எழுதியே பழகிய கை, ரிடையர் ஆனபிறகும் சும்மா இருக்கவில்லை. வேட்டி காயப்போட ஒரு விதி, மிளகாய் இடிக்க ஒரு விதி, சிறுவாணித் தண்ணீர் பிடிக்க மூன்று விதி. நோட்டீஸ் போர்டில் இடமில்லாமல் லிஃப்ட் கதவில் ஒட்ட ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் அந்த லிஃப்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஐந்து பேரோடு மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றிருக்கிறார். மறுநாள் காலை விதி பதினான்கு வந்துவிட்டது. ‘உறவினர் அல்லாத எவரையும் வீடுகளில் இரவு தங்கவைக்கக் கூடாது.’

ரங்கநாயகி அசரவில்லை. வருகிறவர்களிடம், “யாரு கேட்டாலும் நான் உங்க சித்தின்னு சொல்லிப்போடுங்க” என்று பாடம் சொல்லிக் கொடுத்தாள். எல்லோரும் ஒழுங்காக ஒப்பித்தார்கள். மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் கலீல் ரஹ்மானும் தாடியைத் தடவிக்கொண்டு, “சித்தி ஊட்டுக்கு வந்தேனுங்க” என்றார். கருப்புசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஏனுங்க பாய், அம்மாகூடப் பொறந்த சித்தியா, ஒண்ணுவிட்ட சித்தியா?”

“ஒண்ணுவிட்டதுன்னே போட்டுக்குங்க.”

அப்படியே எழுதிக்கொண்டான். ஒவ்வொரு ஊருக்காரரும் அவனுக்குத் தேங்காயோ வெல்லமோ கொடுத்துவிட்டுத்தான் போவார்கள், அவன் எதற்குக் குறுக்கே நிற்கப் போகிறான்?

அந்த வரி லட்சுமிநாராயணன் கண்ணில் பட்டதும் அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பொதுக்குழுவைக் கூட்டுகிறேன், வாடகைக்கு ஆள் வைக்கும் வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கத் தீர்மானம் போடுகிறேன் என்று கிளம்பினார். போட்டால் நிறைவேறிவிடும். அவரை எதிர்த்துக் கை தூக்க அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. தூக்கினால் மறுநாளே தூக்கியவர் வேட்டிக்கு விதி வரும். இந்த விஷயம் எப்படியோ பெங்களூருக்கும் எட்டி, மகன் போன் போட்டான்.

“அம்மா, எதுக்கும்மா இந்த அவமானமெல்லாம்? தண்ணியைக் கட் பண்ணினா வீட்டை வித்துட்டு இங்க வந்துருங்க. நான் புரோக்கர்கிட்டே பேசிட்டேன்.”

புரோக்கரிடம் பேசிவிட்டானாம்! போனை வைத்துவிட்டு ரங்கநாயகி அடுக்களைக்குப் போய் இருக்கிற குடங்களை எண்ணிப் பார்த்தாள். தண்ணீர் போனால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அவர்கள் நின்றுவிட்டால் பெங்களூர்ச் சுவர்தான்.

தீர்மானத்துக்குச் சாட்சி வேண்டுமே என்று, ஒரு சனிக்கிழமை காலையில் லட்சுமிநாராயணனே நேராக இறங்கி வந்தார். ஹாலில் ஒரு கண்ணில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவர் உடுமலைப் பக்கத்து விவசாயி அரங்கசாமி. பக்கத்தில் அவர் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

“இந்தம்மா உங்களுக்கு என்ன வேணுங்க?”

“சித்திங்க” என்றார் அரங்கசாமி, பாடம் மறக்காமல்.

ஆளைப் பார்த்தால் தன்னைப் போலவே நாயுடு என்று தெரிந்தது. போலிச் சித்தியைப் பிடிக்க நாயுடுமாரிடம் ஒரே ஒரு கேள்வி போதும். வீட்டுப் பேரைச் சொன்னால் இன்னாருக்குப் பங்காளி, இன்னாருக்குச் சம்பந்தி என்று ஏழு தலைமுறைக்குப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். லட்சுமிநாராயணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எந்த ஊடுங்க நீங்க?”

“சிந்தலவாருங்க.”

லட்சுமிநாராயணனுக்கு முகம் கொஞ்சம் மாறியது. “எங்க சம்பந்தியும் சிந்தலவாருதானுங்க. பெதப்பம்பட்டி.”

“பெதப்பம்பட்டில யாருங்க?”

“தோட்டத்துக் கந்தப்பன்.”

“அட! கந்தப்பன் எங்க பெரியப்பா பையனுங்களே! அப்ப அவம் பையனுக்குப் பொண்ணு குடுத்த கோயமுத்தூர்க்காரரு நீங்கதானுங்களா?” அரங்கசாமி ஒற்றைக் கண்ணால் அவரை நன்றாகப் பார்த்தார். “பங்காளி ஊட்டுக்கெல்லாம் தாம்பாளம் வெச்சுக் கூப்புட்டீங்க. எங்க ஊட்டை மட்டும் உட்டுப்போட்டீங்க. ஆறு வருஷமாச்சுங்க, இன்னும் எங்காத்தா சொல்லிச் சொல்லி அழுகுது.”

செயலாளருக்கு வேர்த்துவிட்டது. பெண்ணைக் கொடுத்த இடத்துப் பங்காளி! அழைப்பு வைக்காமல் விட்ட குறை வேறு. அந்த ஆள் தன் வீட்டுக்கு ஒரு மாடி கீழே காசு கொடுத்துத் தங்கியிருக்கிறார் என்று பெதப்பம்பட்டிக்குத் தெரிந்தால் மகள் அங்கே தலை நிமிர முடியுமா?

“அப்ப இந்தம்மா உங்களுக்குச் சித்தி...?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அந்தம்மா அப்படிச் சொல்லச் சொல்லுச்சு. நாள் வாடகைங்க” என்று போட்டு உடைத்தார் அரங்கசாமி. சொந்தம் தெரிந்தபிறகு சம்பந்தியிடம் எப்படிப் பொய் சொல்வது?

கிடைத்துவிட்டது சாட்சி. லட்சுமிநாராயணன் ஒரு கையில் சாட்சியையும் மறு கையில் சாட்சியின் துணி மூட்டையையும் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்கே மாடி ஏறினார், பின்னாலேயே சாட்சியின் மனைவியும். மத்தியானமே நோட்டீஸ் ஒட்டினார். பொதுக்குழுவுக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதுவும் அவர் போட்ட விதிதான்.

அந்தப் பதினைந்து நாளில் நடந்ததைத்தான் கோகுலத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சம்பந்தி விருந்து என்றால் லேசா? வடை, பாயசம், மூன்று பொரியல். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே நம் சொந்தம் இருக்கிறது என்று அரங்கசாமி ஊருக்கு போன் போட்டுச் சொன்னார். அத்தை வந்தாள், அத்தைக்குத் துணையாக மூன்று பேர் வந்தார்கள், அழுதுகொண்டிருந்த ஆத்தாளே வந்துவிட்டாள். ஏழு பேர். அத்தனையும் அசல் சொந்தம், விதி பதினான்கால் ஒரு மயிரும் பிடுங்க முடியாது. செயலாளரின் ஈசிசேரில் அத்தை படுத்துக்கொண்டாள். செயலாளர் பால்கனியில் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். எப்போது கிளம்புவீர்கள் என்று சம்பந்தி வகையறாவிடம் கேட்க முடியாது. அவர் சுற்றி வளைத்து, “கண்ணு இப்பத் தேவலைங்களா?” என்று கேட்டதற்கு அரங்கசாமி, “இது தேவலைங்க. இன்னொண்ணு இருக்குதுங்களே!” என்றாராம்.

பதின்மூன்றாம் நாள், செயலாளரின் மனைவி கிருஷ்ணவேணி கீழே இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

“அக்கா, எனக்கு இடுப்பே ஒடைஞ்சு போச்சுங்கக்கா. ஒரு நாலு பேரையாச்சும் உங்க ரூம்ல வெச்சுக்குங்க. உங்ககிட்ட மருந்து விடற சௌகரியம் இருக்குதுன்னு சொன்னா அவங்களும் தப்பா நெனைக்க மாட்டாங்க. வாடகையை நாங்களே குடுத்தர்றோம்.”

ரங்கநாயகிக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. முகத்தை மட்டும் பாவமாக வைத்துக்கொண்டாள்.

“எனக்கென்ன அம்மணி, தாராளமா வெச்சுக்குவேன். ஆனா அவங்க எனக்குச் சொந்தமில்லீங்களே. விதி பதினாலு இருக்குதே.”

“அந்த எழவு விதியைக் கிழிச்சு அடுப்புல போடச் சொல்றேன்!”

“அடுப்புல வேண்டாம். மீட்டிங்ல அவரு வாயால சொல்லட்டும். சொன்ன நிமிஷமே மூட்டையை எறக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பொதுக்குழு. ஆத்தாள் கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லட்சுமிநாராயணன் எழுந்தார், தொண்டையைக் கனைத்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார்.

“விதி பதினான்கு ரத்து செய்யப்படுகிறது. செயலாளருக்கு முன்கூட்டி எழுதிக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் தங்கவைக்கலாம்.”

ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வழக்கம்போல எல்லாக் கையும் உயர்ந்தன. கூட்டம் முடிந்து ரங்கநாயகி கீழே வந்தபோது அவள் வாசலில் ஏழு மூட்டை இருந்தது. நாலு பேர் என்றுதான் பேச்சு. போகட்டும் என்று கதவைத் திறந்துவிட்டு உலை வைத்தாள்.

சாயங்காலம் மகன் போன் போட்டான். “என்னம்மா ஆச்சு? தண்ணியைக் கட் பண்ணிட்டாங்களா? புரோக்கர் அடுத்த வாரம் வரேன்கறார். நானும் வந்து நாலு நாள் இருந்து எல்லாத்தையும் முடிச்சர்றேன்.”

“அடுத்த வாரமா?” என்றாள் ரங்கநாயகி. ஹாலில் ஆத்தாளுக்கும் அத்தைக்கும் யாருக்கு முதலில் மருந்து என்று தகராறு நடந்துகொண்டிருந்தது. “அடுத்த வாரம் ரூம் காலி இல்லையே கண்ணு. ஆவணி கடைசி வரைக்கும் ஆள் சொல்லி வெச்சிருக்காங்க. நீ எப்ப வாரேன்னு முன்னாடியே சொல்லு, பார்த்து ஒதுக்கித் தாரேன்.”

அவள் போனை வைத்துவிட்டு மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.