நங்கூரத்தின் மறுபாதி

சில்வோவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி, ஜிரி ஊரின் தபால் நிலையத்துக்கு மூன்று வாய்கள் வழியாக வந்து சேர்ந்தது. முதல் வாயில் அவள் வெறும் ஆஸ்திரியாக்காரி. இரண்டாவது வாயில் விவாகரத்தும் ஆகியிருந்தது. மூன்றாவது ரொட்டிக்கடைக்காரருடைய வாய். அதற்குள் அவளுக்குச் சொந்தமாக ஒரு ஹோட்டலே முளைத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் குழந்தைகூடப் பிறந்திருக்கும்.

ஆதாரம் இல்லாமல் இல்லை. நவம்பர் மாதம் சனிக்கிழமை தவறாமல் சில்வோ காரை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பனிச்சறுக்கு மலைக்குப் போய்வருகிறான். பனி இன்னும் விழவில்லை. காரில் சறுக்குப் பலகைகளும் இல்லை. பச்சைப் புல்லாக நிற்கிற மலைக்குப் பலகை இல்லாமல் போகிறவன் எதற்குப் போவான்? அதுவும் மனைவி அனிட்சாவை மே மாதம்தான் அடக்கம் செய்திருக்கிறான்.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற ரெஸ்கா இதை நம்பவில்லை. அனிட்சா அவளுடைய தோழி என்பது ஒரு காரணம். ஊரில் பிறக்கிற வதந்தி எதுவானாலும் தன் கவுண்டரில்தான் பிறக்கும் என்ற பெருமை அவளுக்கு உண்டு. இது வெளியே பிறந்து உள்ளே வந்தது என்பது இன்னொரு காரணம். ஆகவே விசாரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை என்பதெல்லாம் ஒரு தடையா?

அவளுக்கு உண்மையான கவலை வேறொன்று இருந்தது. பிப்ரவரிப் பயணம்.

நான்கு தம்பதிகள் வருஷா வருஷம் பிப்ரவரியில் ஒரு வாரம் சறுக்கப் போவார்கள். ரெஸ்காவும் அவள் கணவன் லோய்ஸேவும், ரொட்டிக்கடைக்காரர் வீடு, பூகோள ஆசிரியர் வீடு, அப்புறம் சில்வோவும் அனிட்சாவும். எட்டுப் பேருமே நடுத்தரம். இந்த நாட்டில் நடுத்தரமாகச் சறுக்குகிறவர்களின் பாடு யாருக்கும் வரக்கூடாது. நீலப் பாதை குழந்தைகளுக்கு. கறுப்புப் பாதை உயில் எழுதிவைத்தவர்களுக்கு. நடுவில் இருக்கிற சிவப்புப் பாதைதான் இவர்களுக்கு. நீலத்தில் போனால் மானம் போகும், கறுப்பில் போனால் முட்டி போகும். போதுமான சிவப்பு உள்ள மலையாக, வெயில் ஏறும் முன் கண்ணாடியாக உறைந்து கிடக்காத சரிவாக, மதியச் சூப்புக்குத் திரும்பி வர வழியுள்ளதாகப் பார்த்துத் திட்டம் போட ஒரு தலை வேண்டும். அந்தத் தலை சில்வோ. ஒரே ஒரு முறை பூகோள ஆசிரியர் திட்டம் போட்டார். எட்டுப் பேரும் ஒரு கறுப்புப் பாதையைப் பின்புறத்தாலேயே இறங்கி முடித்தார்கள். அன்றிலிருந்து அவர் வகுப்பறையோடு சரி.

எங்கே போவது என்பதை நவம்பரில் வருகிற மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, புது ஒயினும் வாத்து வறுவலும் வைத்துக்கொண்டு, கோயிலடி உணவகத்தில் சில்வோ அறிவிப்பான். இந்த வருஷமும் வந்தான். தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சரி, எங்கப்பா போறோம்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"இன்னும் முடிவாகல."

"போன தடவை போன மலைக்கே போயிடலாமே" என்றான் லோய்ஸே.

"அது வேணாம்."

"அப்போ எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கே, பெரிய மலை?" என்று கேட்டார் ரொட்டிக்கடைக்காரர். அந்தப் பக்கம் என்று சொல்லும்போது மனைவியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அதுவும் சரிப்படாது."

"ஏன், பனி இருக்காதா?"

"இருக்கும்."

"பின்ன மலைக்கு என்னய்யா கேடு?"

"சிவப்பு கம்மி."

அந்த மலையில் சிவப்பைத் தவிர வேறு எதுவுமே கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சில்வோ பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பழக்கமில்லாததால் அதை மோசமாகச் சொன்னான். பூகோள ஆசிரியர் தொண்டையைச் செருமினார். அவர் திட்டம் போட ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயத்தில் எல்லோரும் அவசரமாக எழுந்தார்கள். எங்கே போவது என்று தெரியாமல் மார்ட்டின் வெள்ளி முடிந்தது அதுதான் முதல் தடவை.

"அவன் போடலேன்னா பயணம் இல்ல" என்றாள் ரெஸ்கா, வீடு திரும்பும்போது. "பயணம் இல்லேன்னா அவனை நாம எங்க பாக்கப்போறோம்? பாய்லர் ரிப்பேரானாத்தான்."

"நம்ம பாய்லர் நல்லாத்தானே ஓடுது" என்றான் லோய்ஸே.

"அதான் சொல்றேன்."

சில்வோ, நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் பாய்லர்களின் மெக்கானிக். ஊரில் அவன் இறங்காத நிலவறை கிடையாது. பிறந்தது ஹங்கேரி எல்லையோரச் சமவெளியில். அங்கே ஆட்டுப்பட்டியின் கூரைதான் உயரமான இடம். வேலை தேடி மலைப்பக்கம் வந்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது, பலகையைத் தொட்டதில்லை. இங்கே அது கிட்டத்தட்ட ஊனம். கூட வேலை பார்த்தவர்களின் கேலி தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் பலகையோடு யெலோவெட்ஸ் மலைக்குப் போய், நங்கூர வரிசையில் நின்றான்.

நங்கூரம் என்றால், மேலே ஓடும் கம்பியில் வரிசையாகத் தொங்கி வருகிற கட்டை; பார்க்க அப்படியே கப்பல் நங்கூரம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு பாதியில் பின்புறத்தைக் கொடுத்தால் பலகையோடு மேலே இழுத்துக்கொண்டு போகும். கூட்டமான நாளில் பாதிக் கட்டை காலியாகப் போவதை நங்கூரக்காரர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். "தனியா யாரு? தனியா யாரு இருக்கீங்க?" என்று கத்துவார்கள். தனியாக வந்தவர்கள் கையைத் தூக்க வேண்டும், இருவர் இருவராகக் கோத்து அனுப்புவார்கள்.

அன்றைக்கு சில்வோ கையைத் தூக்கினான். பின்னால் ஒரு பெண்ணும் தூக்கினாள். கட்டை வந்தது. நாற்காலி என்று நினைத்துக்கொண்டு சில்வோ அதில் உட்கார்ந்தான். சமவெளிக்காரன் ஒவ்வொருவனும் முதல் நாள் செய்கிற தப்பு அதுதான். கட்டை தரைக்குப் போனது, அவனும் போனான், பக்கத்தில் இருந்தவளையும் இழுத்துக்கொண்டு போனான்.

"உட்காரக்கூடாதுய்யா, சாஞ்சுக்கணும்!" என்றாள் அவள், பனிக்குள்ளிருந்து.

நங்கூரத்திலிருந்து கீழே தள்ளிவிட்டவர் மற்றவருக்கு ரம் ஊற்றின டீ வாங்கித் தர வேண்டும் என்பது அந்த மலையின் சட்டம். வாங்கித் தந்தான். அவள் பெயர் அனிட்சா என்பது இரண்டாவது டீயில் தெரிந்தது. அடுத்த மார்ட்டின் திருநாளுக்குக் கல்யாணம்.

டிசம்பர் தொடக்கத்தில் ரெஸ்கா வால்நட் ரொட்டியை ஒரு தட்டில் மூடிக்கொண்டு சில்வோ வீட்டுக்குப் போனாள். கண் ஒரு பெண்ணின் சுவடைத் தேடியது. பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரே ஒரு கோப்பை. சமையலறை மேஜை முழுக்க சறுக்குப் பாதை வரைபடங்கள். அடுப்போரம் அனிட்சாவின் சறுக்கு பூட்ஸ். ஈரம் உறிஞ்ச உள்ளே செய்தித்தாள் திணித்திருந்தது. பூட்ஸ் ஈரமாகி மாசக்கணக்காகிறது. தாள் இந்த வாரத்தது.

"என்னப்பா தேடுற இதுல?"

"வழி."

"எதுக்கு வழி?"

"உன் பாய்லர்ல டொக் டொக்னு சத்தம் வருதா?"

"வரல."

"வந்தா சொல்லு."

அவ்வளவுதான். ரொட்டித் தட்டைக்கூடக் காலி செய்து உடனே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்த வாரம் பனி விழுந்தது. சனிக்கிழமை காலை சில்வோவின் கார் கிளம்பியது, இந்த முறை கூரையில் பலகைகளோடு. பின்னாலேயே லோய்ஸேவின் கார். லோய்ஸே ஓட்டினான், ரெஸ்கா ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் காரிலும் பலகைகள் இருந்தன. டிசம்பரில் இந்த ஊர்க் கார்களில் ஸ்டெப்னி இல்லாமல் இருக்கலாம், பலகை இல்லாமல் இருக்காது.

சில்வோ போய் நின்றது யெலோவெட்ஸ் மலையில். ரெஸ்கா காரில் இருந்தபடியே பார்த்தாள். பலகையை மாட்டிக்கொண்டு நங்கூர வரிசையில் நின்றான். வரிசை நகர்ந்தது. அவன் முறை வந்தது.

"தனியா யாரு? தனியா யாரு இருக்கீங்க?" என்று நங்கூரக்காரர் கத்தினார்.

சில்வோ கையைத் தூக்கவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தான். சுற்றிப்போய் வரிசையின் கடைசியில் திரும்ப நின்றான். மறுபடி முறை வந்தது. மறுபடி குனிந்து வெளியே வந்தான்.

ரெஸ்கா இறங்கிப் போய் நங்கூரக்காரரிடம் கேட்டாள்.

"அவரா? நேத்தும் வந்தாரும்மா. ஏறவும் மாட்டாரு, போகவும் மாட்டாரு. டிக்கெட் மட்டும் முழு நாளுக்கு வாங்குவாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவர்தான்."

சில்வோ வேலியோரம் பலகைகளை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். ரெஸ்காவைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. தபால் நிலையத்துக்குத் தெரியாமல் இந்த ஊரில் எதுவும் நடக்காது என்பது அவனுக்கும் தெரிந்ததுதானே.

"ஊரே சொல்லுது, உனக்கு ஒருத்தி இருக்காளாம்" என்றாள்.

"அப்படியா? எப்படி இருக்காளாம்?"

"ஹோட்டல் வச்சிருக்காளாம்."

"பரவால்லயே" என்றான். சிரிக்க முயன்றது தெரிந்தது. பிறகு தானாகவே பேசினான். "நங்கூரம் இல்லாத மலையாத்தான் பாத்துட்டிருந்தேன், ரெஸ்கா. எல்லாம் கம்பியில தொங்குற நாற்காலியா இருக்கிற மலை. ஒவ்வொண்ணா நேர்ல போய்ப் பாத்தேன். படத்துல நாற்காலின்னு போட்டிருப்பான். போய்ப் பாத்தா, சிவப்புப் பாதை முடியிற எடத்துல குட்டியா ஒரு நங்கூரம் நிக்கும். அதுல ஏறாம திரும்பி வர முடியாது. எல்லா மலையிலயும் எங்கயாவது ஒண்ணு வச்சுடுறானுங்க."

"அது மேல என்ன கோவம்?"

"அது மேல கோவம் இல்ல. அந்த ஆள் கேக்குறாரே, தனியா யாருன்னு. அதுக்கு நான் கையைத் தூக்கணும்."

ரெஸ்கா அவன் பக்கத்தில் வேலியில் சாய்ந்துகொண்டாள்.

"அதான் இங்க வந்து பழகிப் பாக்குறேன். வர மாட்டேங்குது கை." கையுறையைப் பார்த்துக்கொண்டான். "போன பிப்ரவரிப் பயணத்துல கடைசி நாள் ஞாபகம் இருக்கா? நங்கூரத்துல பாதி வழியில அனிட்சா விழுந்தாளே. என்னையும் சேத்துத் தள்ளிட்டா. அவ விழுந்து நான் பாத்ததே இல்ல. கையில பிடிமானமே இல்லன்னு சொன்னா. வா, டீ வாங்கித் தரேன்னா. கடையில கூட்டம். நான்தான், வேணாம்டி, அடுத்த வருஷம் வட்டியோட வாங்கிக்கிறேன்னு சொன்னேன். சிரிச்சா. அப்போவே அந்த வியாதி உள்ள ஆரம்பிச்சிருக்கு, யாருக்குத் தெரியும்."

நங்கூரங்களில் ஆட்கள் ஜோடி ஜோடியாக மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

"பயணத்துக்குத் திட்டம் போட்டாச்சு" என்றான் சில்வோ திடீரென்று. "போன தடவை போன அதே மலை. அதுதான் உங்களுக்குச் சரி. காலையில கிழக்குச் சரிவு, சாப்பாட்டுக்கு அப்புறம் மேற்கு. நீங்க ஆறு பேர். மூணு நங்கூரம். கணக்கு சரியா இருக்கு."

"ஏழு பேர்டா."

"ஏழு கணக்குல வராது."

ரெஸ்கா காருக்குப் போய்த் தன் பலகைகளை இறக்கினாள். "எங்க போற?" என்ற லோய்ஸேவிடம், "தனியாத்தான் இருக்கேன்" என்றாள். அவன் விளங்காமல் கார் ஹீட்டரைக் கூட்டிவைத்துக்கொண்டான்.

வரிசையில் சில்வோவை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினாள். முறை வந்தது.

"தனியா யாரு?"

ரெஸ்கா கையைத் தூக்கினாள். சில்வோவின் கை இடுப்பு வரை வந்து நின்றது. நங்கூரக்காரர் முப்பது வருஷமாக மனிதக் கைகளைப் பார்ப்பவர். அதுவே போதும் என்று கட்டையைப் பிடித்து இருவருக்கும் நடுவில் கொடுத்துவிட்டார்.

ரெஸ்கா சில்வோவை விட ஒரு தலை உயரம். கட்டை அவளுக்குத் தொடையிலும் அவனுக்கு முதுகிலும் இடித்தது. அனிட்சாவுக்கும் அவனுக்கும் ஒரே உயரம். முதல் கம்பம் தாண்டினார்கள். இரண்டாவது கம்பமும் தாண்டினார்கள். அவன் பற்களைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தான். கண்ணீர் காற்றில் பக்கவாட்டாக ஓடியது. ரெஸ்கா அதைப் பார்க்காத மாதிரி இருக்க முகத்தைத் திருப்பினாள். திருப்பின வேகத்தில் நாற்பது வருஷ அனுபவமும் மறந்துபோய்க் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பேரும் பனியில் கிடந்தார்கள். காலிக் கட்டை ஆடிக்கொண்டே மேலே போயிற்று.

"உட்காரக்கூடாது" என்றான் சில்வோ, வானத்தைப் பார்த்துப் படுத்தபடி. "சாஞ்சுக்கணும்."

அவன் குரலில் அது வேறொருவருடைய வாக்கியமாகக் கேட்டது. எழுந்து, அவளையும் தூக்கிவிட்டான். பனியைத் தட்டிக்கொண்டே இருவரும் ஓரமாகக் கீழே சறுக்கினார்கள்.

"தள்ளிவிட்டது நான்" என்றாள் ரெஸ்கா. "வா, டீ வாங்கித் தரேன். இன்னிக்குக் கூட்டமும் இல்ல."

சில்வோ டீக்கடையைப் பார்த்தான். புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வெளி பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

"வேணாம். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான். "உனக்கு முன்னாடி ஒருத்தி நிக்குறா."

பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

திங்கட்கிழமை ரெஸ்கா விடுதிக்குப் போன் செய்து ஏழு கட்டில் சொல்லிவைத்தாள். அவன் வருவதாகச் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. மதியம் ரொட்டிக்கடைக்காரர் தபால்தலை வாங்குகிற சாக்கில் வந்து கவுண்டரில் சாய்ந்தார்.

"என்ன, விசாரிச்சியாமே? இருக்காளா, இல்லையா?"

"இருக்கா" என்றாள் ரெஸ்கா, முத்திரையைக் குத்தியபடி.

"பாத்தியா! நான் சொன்னேன்ல! ஆஸ்திரியாக்காரிதானே?"

"இல்ல. நம்ம ஊருதான். சில்வோவுக்கு ஒரு டீ தரணும் அவ. இன்னும் தரல."