ஈறில் விழுந்த வெள்ளை

ஆலம் பீ வளையல் போடுகிற விதமே தனி. கையைப் பிடித்து அழுத்தினால் பெண்கள் விரல்களை இறுக்கிக்கொள்வார்கள். கண்ணாடி வளையல் நொறுங்கிவிடும். அதனால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். சிரித்தால் கை தளரும், வளையல் வழுக்கிக்கொண்டு ஏறும். திருத்தணி மலையடிவாரத்தில் மற்ற வளையல்காரர்களுக்கு இந்த வித்தை வரவில்லை. அதற்கு ஒரு வாய் வேண்டுமே!

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. ரயில் கதவு இடித்து முன்பல் ஒன்று செத்து, மெல்ல மெல்லக் கறுத்தது. எதிரே உட்கார்ந்தவர்கள் பல்லையே பார்த்தார்கள். அடுத்தவர் குறையைப் பார்க்க நம் ஜனங்களுக்குக் காசா, பணமா? ஆலம் பீ உதட்டை மூடிக்கொண்டாள். வளையல்கள் உடையத் தொடங்கின.

கணவன் நஜீர் அகமது அவளை அரக்கோணத்துப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் பல்லின் பின்பக்கம் துளையிட்டு, மருந்தில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, விளக்குச் சூடு காட்டினார். மருந்து ஈறில் படாமல் மறைக்கும் ரப்பர்த் துணி, ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு கிடைக்கவில்லை. ஈறில் வாஸ்லைன் களிம்பைத் தடவிச் சமாளித்தார். பல் வெளுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஆசையாகக் கண்ணாடி பார்த்தாள். ஈறிலும் உதட்டோரத்திலும் பால் போல வெள்ளைத் திட்டு! லேசாக எரியவும் செய்தது. வெண்குஷ்டம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒட்டாத அந்த நோயை ஒட்டும் என்று நம்புவதில் ஊருக்கு ஒரு பிடிவாதம். இனி எந்தப் பெண் அவளிடம் கையை நீட்டுவாள்?

அடுத்த தெரு வசந்திக்கு மறுநாள் வளைகாப்பு. அதற்கென்று எடுத்து வைத்த வளையல்களைத் தூக்கிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி ஓடினாள்.

“வளையலை வெச்சுட்டுப் போறேன். போடுறதுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்கம்மா. எனக்கு வெண்குஷ்டம் வந்துட்டிச்சு,” என்று அழுதாள்.

வசந்தியின் மாமியார் பூவம்மாள் சட்டென்று சுவரோரம் ஒதுங்கினாள். வசந்தியோ எழுந்து வந்து கையை நீட்டினாள்.

“நீதான் போடணும் பாயம்மா. வேணும்னா இப்பவே ஒண்ணு போடு.”

“புள்ளத்தாச்சி நீ. கிட்ட வராதம்மா!”

அதற்குள் மனைவியைத் தேடிக்கொண்டு நஜீர் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தாலும் விவரத்தை ஆண்பிள்ளையிடம் சொல்வதுதான் அந்தக் காலத்து டாக்டர்கள் வழக்கம்.

“டாக்டரு எங்கிட்ட சொன்னாரும்மே! மருந்து வேருக்கு எறங்காம அடியில அடைச்சிருக்காராம். ஈறுல பட்டா வெளுக்குமாம், கொஞ்ச நேரத்துல தானா சரியாப் பூடுமாம். ரயிலு வந்துகினு இருந்துச்சா, ஆங் ஆங்னு தலையாட்டிட்டு மறந்துட்டேன்.”

வசந்தி இடது கையால் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். உதட்டோரம் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. ஈறில் மட்டும் கடுகளவு வெள்ளை.

“போய்க்கினே கீது பாயம்மா!”

ஆலம் பீக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு கணவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பூவம்மாளும் சுவரை விட்டு வந்து, “எனக்கும் ரெண்டு போடேன்,” என்று கையை நீட்டினாள்.

“உங்களுக்கு அப்பறம்மா,” என்றாள் ஆலம் பீ. வசந்தி முதலில் நீட்டிய கை இன்னும் மடங்காமல் அப்படியே இருந்தது.