என் பேச்சைக் கேட்காத ஒருத்தி

சபையாரே, நான் இரண்டு தரம் ஜெபித்தேன். இரண்டுக்கும் பதில் கிடைத்தது. முதலாவதை ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பிள்ளைக்காம்பராவில், இருபத்தாறு வருஷம் வேலை செய்தவள் நான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. உட்கார் என்றால் உட்கார வேண்டும், தூங்கு என்றால் தூங்க வேண்டும். அந்த வாய் எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. பென்ஷன் வாங்கி வீட்டுக்கு வந்தும் போகவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில், "ரோஸ்லின், நான் ஒன்னோட பிள்ளைக்காம்பரா பிள்ளையில்ல" என்று அடிக்கடி சொல்வார்.

எங்கள் சபைக்கு ஐந்து லயங்களில், அதாவது காம்பராவுக்கு ஒரு குடும்பமாகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஐந்து வீட்டுக்குழுக்கள். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்களே எத்தன நாளைக்கி அஞ்சு எடத்துக்கும் நடப்பீங்க? தலைவர்கள உருவாக்குங்க" என்றார். அன்று முழங்காலில் நின்று நான் செய்த ஜெபம் இதுதான்: "ஆண்டவரே, என்னைப் போலவே ஐந்து பேரைத் தாரும். என் சொல் தட்டாதவர்களாகத் தாரும்."

தந்தார். என் மனதுக்குப் பிடித்தபடியே தந்தார்.

ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கொப்பி கொடுத்தேன். வரவேற்பு, பாட்டு, வேதபாடம், ஜெபம், ஆசீர்வாதம், எல்லாம் என் வாயால் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். இரண்டு சட்டங்களைக் கோடு போட்டு எழுத வைத்தேன். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். ஆசீர்வாதம் சொல்லும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. மேல் லயத்துக்கு, கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் தேவதாஸ் தலைவர். அவர் கொப்பியைப் பிள்ளையைப் போலப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பார்.

அவருக்குத் துணையாக லெட்சுமியைப் போட்டிருந்தேன். பத்து வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவள், பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கொழுந்து பறிக்கிறவள். அவளுக்குக் கொப்பி ஒத்துவரவில்லை. ஆண்டவரைச் சாமி என்பாள். ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். பயிற்சியில் எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்தேன்.

"லெட்சுமி, கண்ண மூடு."

"கண்ண மூடிட்டா யாரு அழுவுறாங்கன்னு தெரியாதுங்களே டீச்சர்."

மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. அடுத்த கிழமையே துணைத்தலைவி பொறுப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டேன். வழக்கம்போலக் கூட்டத்துக்கு வந்து கதவோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருக்கும். சிறுத்தைக்குப் பயந்து எங்கள் கூட்டங்கள் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே நடக்கும். அன்று பனி இறங்கி, பக்கத்திலிருக்கும் தேயிலைச் செடியும் தெரியவில்லை. இரண்டு லயங்களுக்கு நடுவில் இருக்கும் படிக்கட்டில் நின்றேன். இடது பக்கத்திலிருந்து நான் ஜெபிப்பது கேட்டது. வலது பக்கத்திலிருந்தும் நான் ஜெபிப்பது கேட்டது. குரல்கள் வேறு வேறுதான், ஆனால் இழுப்பு என்னுடையது, மூச்சு விடும் இடம் என்னுடையது. எனக்கு வரட்டு இருமல் உண்டு. ஸ்தோத்திரம் சொன்னதும் ஒரு தரம் இருமுவேன். இடது பக்கம் ஸ்தோத்திரம் என்றார்கள், இருமினார்கள். வலது பக்கமும் ஸ்தோத்திரம், இருமல். அந்த இரண்டு பேருக்கும் நெஞ்சில் ஒரு வியாதியும் கிடையாது.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போதுதான், நான் செத்துப்போனாலும் இந்த லயங்களில் என் குரல் இருமிக்கொண்டே இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்குத்தான் என் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலைப் பார்த்துப் பயந்தேன். ஆனாலும் ஒன்றையும் மாற்றவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் ஓயாமல் பெய்தது. சனிக்கிழமை காலை லெட்சுமி நனைந்துகொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், பீலி நின்னுருச்சிங்க."

பீலி என்றால் மேல் லயத்துக்கே தண்ணீர் தரும் ஊற்றுக்குழாய். கோடையிலும் நின்றதில்லை.

"எல ஏதாச்சும் அடைச்சிருக்கும்."

"இல்லிங்க, கைய விட்டுப் பாத்துட்டேன். மழ இப்பிடி ஊத்துது, பீலி மட்டும் பேசாம இருக்கு. நாயிங்க வேற நேத்தே கீழ எறங்கிருச்சி. எனக்கு நல்லாப் படல. நாளைக்கி கூட்டத்தக் கீழ, மடுவத்துல வச்சிக்குவமா?"

மடுவம் என்பது லயத்துக்குக் கீழே, கொஞ்சம் எட்ட, பாதைக்கு இடது பக்கத்து மேட்டில் இருக்கும் கொழுந்து நிறுக்கும் கொட்டகை.

"கூட்டம் எங்கன்னு நீ முடிவு பண்றியா? மழைக்குப் பயந்தா ஊழியம் செய்ய முடியாது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மழையிலேயே மேலே ஏறிப் போனாள்.

மறுநாள் எனக்கு முழங்கால் வீங்கி, ஏற முடியவில்லை. ரோட்டோரத்தில் இருக்கும் என் வீட்டிலேயே இருந்தேன். நாலரை மணிக்குத் தேவதாஸ் எனக்குப் போன் எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டீச்சர், கூட்டம் நடக்குது, பதினாலு பேரு இருக்கோம். காம்பராக் கதவு சாத்த மாட்டேங்குது, நெலச்சட்டம் இறுகிப் போச்சு. நெலத்துக்கடியில யாரோ அம்மி அரைக்கிற மாதிரி சத்தம். லெட்சுமி அக்கா எந்திரிச்சி போவோம்ங்குது. என்னா செய்யட்டும்?"

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பாதியில எந்திரிக்கக் கூடாதுன்னு கொப்பியில எழுதியிருக்கில்ல? ஜெபிச்சி, ஆசீர்வாதம் சொல்லி, ஒழுங்கா முடிச்சிட்டு எறங்குங்க."

"சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டார். அந்தச் "சரிங்க டீச்சர்" இன்னும் என் காதில் இருக்கிறது.

பத்து நிமிஷம் இருக்காது. மேசையில் இருந்த கோப்பை தானாக நகர்ந்தது. மலைக்கு மேலே லொறி லொறியாகக் கல் கொட்டுவது போல ஒரு சத்தம், நிற்காமல், நீளமாக வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மழைச்சத்தம்கூட இல்லாத மாதிரி இருந்தது. தேவதாஸின் போனுக்கு அடித்தேன், வேலை செய்யவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். பதினாலு பேரை உட்கார வைத்தது என் வாய். அந்த ஒரு நினைப்பைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

முச்சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அரைக் கதவைச் சாத்திவிட்டு வேனை எடுத்தார். "ஏறுங்க டீச்சர், போற வரைக்கும் போவோம். அல்லாஹ் இருக்கான்" என்றார். இரண்டாம் வளைவில் ரோட்டில் மரம் கிடந்தது. அவர் வேனை விட்டு இறங்கி, கத்தியைத் தேடி, மரத்தை வெட்ட ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினார். நான் குறுக்குப்பாதையில் ஏறினேன். முழங்கால் வலித்ததா என்று நினைவில்லை.

பனி அவ்வளவு கெட்டியாக நான் பார்த்ததில்லை. ஈர மண் வாசனை, வேர் அறுந்த வாசனை. காகம் இல்லை, கோழி இல்லை, பிள்ளைகள் சத்தம் இல்லை. அந்தப் பாதையில் என் வாழ்நாளெல்லாம் நடந்திருக்கிறேன், அன்று எது எங்கே என்று தெரியவில்லை. ஓரிடத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். அப்போது என் இரண்டாவது ஜெபம் வந்தது: "ஆண்டவரே, இன்றைக்கு அங்கே ஒருத்தராவது என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டும். ஒருத்தர் போதும்."

ஆமென் சொல்லி வாயை மூடவில்லை, பனிக்குள்ளிருந்து என் ஜெபம் கேட்டது.

என் வார்த்தைகள், என் இழுப்பு. ஸ்தோத்திரம் என்றது, நிறுத்தியது, ஒரு தரம் இருமியது. மண்ணுக்குள் போனவர்கள் இன்னும் கூட்டத்தை முடிக்காமல் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான்தானே முடித்துவிட்டு இறங்கச் சொன்னேன். ஓடிவிடத் தோன்றியது. ஆனால் அவர்களை அப்படியே விட்டு எங்கே போவது? பாதை நேராகப் போனது, குரல் இடது பக்கமிருந்து வந்தது. நான் பாதையை விட்டுச் செடிகளுக்குள் இறங்கி, குரலைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கை தகரத்தில் முட்டியது. மடுவம். உள்ளே மனிதர்கள். ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை சேறாக நின்றார்கள். தேவதாஸ் என்னைப் பார்த்ததும், "டீச்சர்" என்று குழந்தையைப் போல அழுதார். நான் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். பதின்மூன்று.

"லெட்சுமி எங்க?"

தேவதாஸ் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நீங்க சொன்னபடியே எல்லாரையும் கண்ண மூடச் சொன்னேங்க. மூடிட்டோம். லெட்சுமி அக்கா மட்டும் மூடல போல. மூலையில செவப்புத் தண்ணி மேல வர்றதப் பாத்திருக்கு. வாங்கன்னு கத்துச்சி, நாங்க யாரும் எந்திரிக்கல. அப்பறம் என் மடியில இருந்த கொப்பியப் புடுங்கிக்கிட்டு வெளிய ஓடிருச்சிங்க. அதப் புடிக்கத்தான் நான் ஓடுனேன். நான் ஓடவும் எல்லாரும் என் பின்னாலயே ஓடியாந்தாங்க. மடுவத்துக்கிட்ட வந்துதான் கொப்பியக் கையில குடுத்துச்சி. குடுத்துட்டு மறுபடி லயத்துக்குப் போயிருச்சி. அப்பறந்தாங்க அந்தச் சத்தம்."

நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடவும் தைரியம் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு பனிக்குள் ஒரு குழந்தை அழுவது கேட்டது. அதன் பின்னால் ஆட்கள் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, கம்பளியோடும் சட்டிபானையோடும். எங்கள் சபைக்கு வராத பக்கத்துக் காம்பராக்காரர்கள், அத்தனை குடும்பமும். கடைசியாக லெட்சுமி, இடுப்பில் யாருடையதோ ஒரு பிள்ளை.

"சாமி படத்த எடுக்கணும்னு நின்னாங்க, அதான் சொணங்கிருச்சி. வேலி ஓரமா மேல சுத்தி வந்தோம்" என்றாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தாள். "கூட்டத்துக்கு வராதவங்களும் இருந்தாங்கள்ல டீச்சர்."

நான் அவள் காலைப் பிடிக்கப் போனேன். அவள் விடவில்லை.

விடிந்த பிறகு பார்த்தோம். கூட்டம் நடந்த காம்பராவும் அதன் பக்கத்து ஆறு காம்பராக்களும் இருந்த இடத்தில் செம்மண் மட்டும் இருந்தது. நான் பாதையை விட்டு இடது பக்கம் இறங்கிய இடத்தையும் பார்த்தேன். அங்கிருந்து நேராக நாலு அடி வைத்திருந்தால் பாதை இல்லை, பள்ளம்தான். ஒரு உயிர்கூடப் போகவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நாள் கழித்துத் தேவதாஸிடம், "நல்லவேளை நீங்க மடுவத்துல ஜெபிச்சிக்கிட்டு இருந்தீங்க, அந்தச் சத்தத்த வச்சித்தான் வந்தேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "நாங்க யாரும் ஜெபிக்கலிங்களே டீச்சர். யாருக்குமே வாய் தொறக்கல" என்றார். மற்றவர்களிடமும் கேட்டேன், அதையே சொன்னார்கள். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. பாஸ்டருக்கும் தெரியவில்லை. எனக்கு எந்தக் குரலைக் கேட்டால் நடுக்கமோ, அதைக் கொண்டே ஆண்டவர் என்னைப் பள்ளத்திலிருந்து திருப்பினார் என்று மட்டும் நம்புகிறேன்.

ஐந்து கொப்பிகளையும் திருப்பி வாங்கிவிட்டேன். கொப்பியைக் கொடுக்கும்போது தேவதாஸுக்குக் கை வரவில்லை, பாவம். மேல் லயத்துக்காரர்கள் இப்போது தற்காலிகக் கொட்டில்களில் இருக்கிறார்கள். அங்கே லெட்சுமிதான் தலைவி. நான் கதவோரமாக, அவள் உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறேன். புதிதாகப் பழகும் தலைவர்களை அவளோடு அனுப்புகிறேன். அவள் பாடம் எடுப்பதில்லை. கூட்டம் முடிந்ததும், "இன்னைக்கி யாரு மொகம் சரியில்ல?" என்று கேட்பாள். சொல்லத் தெரியாவிட்டால் அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வாள். விழித்திருக்கச் சொன்னவர் ஆண்டவர். கண்ணை மூடச் சொன்னது நான்தான்.

போன ஞாயிறு தேவதாஸ் ஜெபித்தார். ஸ்தோத்திரம் என்று சொல்லி நிறுத்தினார். நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். இருமல் வரவில்லை. பிறகு, "ஆண்டவரே, எனக்கு என்னா பேசுறதுன்னு தெரியல, ஆனா மழ வந்தா இன்னும் பயமா இருக்கு" என்றார். அவ்வளவுதான் ஜெபம். நான் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் அழுதுகொண்டிருந்தார்.

சபையாரே, உங்கள் குழுவிலும் உங்கள் பேச்சைக் கேட்காத ஒருத்தர் இருப்பார். உங்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அவரை எடுத்துவிடுமுன் ஒரு கிழமை பொறுத்து, கர்த்தரை நம்பி அவருக்காக ஜெபியுங்கள். ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்து அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்களும் பாருங்கள்.