சூடு தெரியாத பாதங்கள்

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்தெருவில் ஜெயகுமாரி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ‘சிஸ்டர் வீடு’ என்றால் கையைக் காட்டுவார்கள். முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதில் பதினோரு வருஷம் தீக்காய வார்டு. கணவர் தியோடர் ஸ்கூலில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். எழுபது வயதிலும் விடிவதற்குள் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வருவார். இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதங்களில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஒருமுறை ஆணி குத்தி, செருப்பெல்லாம் ரத்தமான பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு பெங்களூரிலிருந்து வந்த மகன் ஜோனத்தான், மாடியில் சோலார் ஹீட்டர் வைத்துக் கொடுத்தான். மாட்ட வந்தவர் புத்தூர் முனிகிருஷ்ணன். வேலை முடிந்ததும் அவர் ஜெயகுமாரியை மாடிக்கே கூட்டிப்போய்ச் சொன்னார்.

“மேடம், கரண்டு ஹீட்டர்னா சூடு ஏறுனதும் தானா நின்னுபோவும். இது வெயில் இருக்கிற வரைக்கும் ஏறிக்கினே இருக்கும். தினம் தண்ணி எடுத்துக்கினே இருங்க. ரெண்டு மூணு நாள் ஊருக்குப் போனா, இந்தக் கண்ணாடிக் குழாய்ங்க மேல சாக்கு போட்டு மூடிட்டுப் போங்க. தொறக்கும்போது மொதல்ல பச்சத்தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி. ஜாக்ரத்த.”

பிறகு மகனிடம், “பெரியவங்க இருக்கிற வீடு சார். ரெண்டு தண்ணியையும் கலந்து அளவான சூட்டுல விடுற வால்வு ஒண்ணு இருக்குது. போட்டுக்கினா நல்லது” என்றார்.

“அடுத்த தடவ வரும்போது வாங்கியாறேன்” என்றான் ஜோனத்தான்.

பிப்ரவரி கடைசியில் தியோடருக்குத் திருப்பதியில் கண் ஆபரேஷன். காலையில் போய் மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. ஒரு நாள்தானே என்று ஜெயகுமாரி சாக்கு போடவில்லை. அங்கே போனால் சர்க்கரை ஏறியிருந்தது. ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிப் போட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், ஆஸ்பத்திரி ஜன்னல் வெயிலில் கண் கூசியபோதுதான் ஹீட்டர் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு வரலட்சுமிக்குப் போன் போட்டார்.

“மாடிப்படி கதவு பூட்டிக்கினு இருக்குதே சிஸ்டர். சாவி எங்க?”

சாவி ஜெயகுமாரியின் கைப்பையில் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே, “சுடுதண்ணி குழாயத் தொடாதீங்க. நான் மேல போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்” என்றார் ஜெயகுமாரி. ஒரு கண்ணில் மூடியோடு இருந்த தியோடர் தலையை ஆட்டினார்.

ஜெயகுமாரிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே தொட்டியின் மூச்சுக்குழாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் கீழே இறங்கும் பைப்பில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

“ஏங்க! மூடுங்க! குழாய மூடுங்க!”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கீழே குளியலறைக் கதவு சாத்தியிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. இறங்கிப் போய்ச் சேர அவருக்கு மூன்று நிமிஷமாவது ஆகும். சுடுதண்ணீரை அடைக்கும் வால்வைத் தேடினார். தொட்டிக்குப் பின்பக்கம் இருந்தது. கையை வைக்க முடியவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினார். ஓட்டம் நின்றது. படிகளில் எப்படி இறங்கினார் என்று பிறகு அவருக்கே ஞாபகமில்லை.

தியோடர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களும் வாளிக்குள் இருந்தன. அறை முழுக்க ஆவி.

“இன்னா ஜெயா, தண்ணி நின்னுபோச்சு?” என்று சிரித்தார். “பஸ்ல வந்த அலுப்பு, இதமா இருக்குமேன்னு தொறந்தேன். கை வெச்சுப் பாத்துட்டுத்தான் கால வெச்சேன். வெதுவெதுன்னுதான் இருந்துச்சு.”

அவர் கையில் பட்டது பைப்பில் ஆறிக் கிடந்த தண்ணீர். தொட்டித் தண்ணீர் அதற்குப் பின்னால் வந்தது.

ஜெயகுமாரி பாதங்களைத் தூக்கினார். வலது பாதத்தின் தோல் வெளுத்து, கையோடு வந்தது. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து இருபது நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த வரலட்சுமி டூத்பேஸ்ட்டை நீட்டினார். “வேணாம், அது மட்டும் வேணாம்” என்று தடுத்து, சுத்தமான ஈரத்துணியைப் போர்த்தி, ஆட்டோ பிடித்தார். செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் சர்க்கரைப் பாதத்தில் இந்தப் புண் எப்படிப் போகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஆட்டோவில் யாரும் இல்லை.

ஏப்ரலில் புண் ஆறாமல் மறுபடி திருப்பதி. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “ரெண்டு வேள்ளு தீசெய்யாலம்மா” என்றார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும். கையெழுத்துப் போடச் சொன்ன தாளை ஜெயகுமாரி வாங்கினார். இப்படிப்பட்ட தாள்களை எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறார். எங்கே போட வேண்டும் என்று அன்றைக்கு அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

ஜோனத்தான் போனில் அழுதான். “மம்மி, அந்த வால்வ அப்பவே வாங்கிப் போட்டிருக்கணும்.” அவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தேடினார். தான் சாக்கு போட்டிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் மனசில் ஓடவில்லை.

முனிகிருஷ்ணன் தகவல் தெரிந்து தானாகவே வந்து வால்வை மாட்டினார். முப்பத்தெட்டு டிகிரிக்கு மேல் போகாதபடி வைத்து, தெர்மாமீட்டரால் மூன்று முறை பார்த்தார். தண்ணீர் சரியாக வந்தது. போகும்போது தியோடருக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

புண் இன்னும் ஆறவில்லை. நடைக்கு இரண்டு பக்கம் பிடித்துக்கொள்ளும் வாக்கர். வாசல் கேட் வரைக்கும்தான். ஜெயகுமாரி தினமும் கட்டுப் பிரித்து மருந்து வைக்கிறார். நேற்று அப்படி வைத்துக்கொண்டிருந்தபோது, “எரியுதான்னு கேக்க மாட்டியா ஜெயா?” என்றார் தியோடர்.

“எரியுதாங்க?”

“இல்ல.” குனிந்து பாதத்தைப் பார்த்தார். “எரிஞ்சா நல்லா இருக்கும்.”

ஜெயகுமாரி பஞ்சை நனைத்தார்.